குண்டெழுத்தும் கடைப் பலகையும்

ஒரு கடைக்கு முதலீடு எது என்று கேட்டால் சரக்கு, அட்வான்ஸ், ரேக், தராசு, கல்லா, ஆள் சம்பளம் என்று நம் உறுப்பினர்கள் விரல் மடக்கிச் சொல்வார்கள். பெயர்ப் பலகையைச் சொல்பவர் குறைவு. சொன்னாலும் அதன் செலவைத்தான் சொல்வார்கள். இத்தனை சதுர அடி, சதுர அடிக்கு இத்தனை ரூபாய், விளக்குக்குத் தனி, சாரம் கட்டி ஏற்றுவதற்குக் கூலி தனி என்று கணக்கு வரும். பலகையில் இருக்கும் எழுத்து எப்படிப்பட்டது, அதைத் தேர்ந்தெடுத்தது யார், அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அவை வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். முன்பு பெயின்டர் வந்து, தகரத்தில் சுண்ணாம்புக் கயிறு அடித்து, கையால் எழுதுவார். எழுத்தின் அழகும் கோணலும் அவர் கையைப் பொறுத்தது. இன்று ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் தம்பி, தன் பட்டியலில் முதலில் கண்ணில் படும் எழுத்துருவை எடுத்துப் போடுகிறார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த அரை மணி நேர முடிவைப் பத்து ஆண்டுகள் நம் கடையின் நெற்றியில் சுமக்கிறோம்.

கடைவீதிகளில் இன்று அதிகம் காணப்படுவது ஒரு வகை எழுத்து. தடிமனாக, கோட்டின் முனைகள் எல்லாம் மழுங்கி உருண்டு, கொழுக்கட்டை பிடித்து வைத்தது போல இருக்கும். பேக்கரி, குழந்தைகள் துணிக்கடை, செல்போன் கடை, ஐஸ்கிரீம் பார்லர், மருந்துக்கடை என்று எங்கும் இதைப் பார்க்கலாம். இதை நாம் குண்டெழுத்து என்றே அழைப்போம். இந்தக் குண்டெழுத்துக்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதை ஒரு டீலர்ஷிப் கதை என்பதால் வணிகர்களாகிய நமக்கு அதில் பாடமும் உண்டு.

குண்டெழுத்து என்பது எது?

ஆங்கில எழுத்துகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உள்ளன. செய்தித்தாள்களிலும் புத்தகங்களிலும் காணும் ஒரு வகையில், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சிறு பாதம் போன்ற குறுக்குக் கோடு இருக்கும். மற்றொரு வகையில் அந்தப் பாதம் இருக்காது. கோடு நேராக வந்து வெட்டியது போல் முடியும். அந்த வெட்டிய முனையை அரைவட்டமாக உருட்டிவிட்டால் கிடைப்பது உருண்டைமுனை எழுத்து. அதையே தடிமனாக்கினால் நம் குண்டெழுத்து. பத்திப் பத்தியாகப் படிக்க இது உதவாது. பலகை, தலைப்பு, பெட்டி, பை, விலைச்சீட்டு என்று ஒன்றிரண்டு சொற்களைப் பெரிதாகக் காட்டுவதற்கே இது பிறந்தது.

முனை உருண்டையாக இருப்பது வெறும் அலங்காரம் அல்ல. பல தொழில்களில் கருவியே அந்த வடிவத்தைத் தந்துவிடும். நியான் விளக்கு கண்ணாடிக் குழாயால் ஆனது. குழாயின் முனை உருண்டையாகத்தான் இருக்கும். பித்தளைத் தகட்டிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் பெயர் பொறிக்கும் இயந்திரத்தில் சுழலும் ஊசி ஒன்று உண்டு. அது சுழன்றுகொண்டே போய் நிற்கும் இடத்தில் அரைவட்டக் குழி விழும். வரைபடக்காரர்கள் அச்சுப் பலகையை வைத்துக் குழாய்ப் பேனாவால் எழுதினாலும் முனை அப்படித்தான் வரும். ஆக, கலைஞர்கள் வரைந்து பெயர் வைப்பதற்கு முன்பே பட்டறைகளில் இந்த எழுத்து இருந்தது.

இரண்டு கம்பெனி, ஒரே ஷோரூம்

இனி அந்த டீலர்ஷிப் கதைக்கு வருவோம். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சாமானிய மக்களின் காரான ‘பீட்டில்’ மூலம் உலகப் புகழ் பெற்றது. 1964 முதல் 1966 வரையிலான காலத்தில் அது டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்திடமிருந்து ஆட்டோ யூனியன் நிறுவனத்தை வாங்கியது. அதன் வழியே அவுடி என்ற பெயர் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் வந்தது. 1969இல் என்.எஸ்.யு. என்ற மற்றொரு கார் நிறுவனமும் அவுடியோடு இணைக்கப்பட்டது.

தொழிற்சாலைகளை இணைப்பது முதலாளிகள் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். விற்பனையாளர்களை இணைப்பது அப்படி முடிகிற காரியமா? ஃபோக்ஸ்வாகனுக்கு ஒரு டீலர் வரிசை, அவுடிக்கு ஒரு டீலர் வரிசை. இரண்டுக்கும் தனித்தனிப் பலகை, தனித்தனி விளம்பரம், தனித்தனி எழுத்து. ஃபோக்ஸ்வாகன் விளம்பரங்களில் ‘ஃப்யூச்சுரா’ என்ற பாதமில்லாத எழுத்து வந்துகொண்டிருந்தது. வட்டமும் நேர்கோடுமாகக் கவராயம் வைத்து வரைந்தது போல இருக்கும் எழுத்து அது. அவுடி பயன்படுத்தியதோ ‘டைம்ஸ்’ என்ற பாதமுள்ள செய்தித்தாள் எழுத்து. ஒரே கூரையின் கீழ் இரண்டு காரையும் விற்கப் போகும் டீலர் எந்த எழுத்தில் பலகை வைப்பது?

1978இல் நிர்வாகம் இரு விற்பனை வரிசைகளையும் வி.ஏ.ஜி. என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. ஃபோக்ஸ்வாகன், அவுடி இரண்டும் சேர்ந்த குழுமம் என்று மக்கள் அப்பெயருக்குப் பொருள் கொண்டார்கள். புதிய பெயருக்குப் புதிய எழுத்து தேவைப்பட்டது. அதை வரையும் பொறுப்பு லண்டனின் செட்லி பிளேஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போனது. அங்கு உழைத்த குழுவில் ஜெர்ரி பார்னி என்பவரும் ஒருவர். பிரிட்டிஷ் ரயில்வேக்கு 1965இல் வந்த இரட்டை அம்புச் சின்னத்தை வரைந்தவர் அவரே.

அவர்கள் எடுத்த முடிவு ஒரு நல்ல பஞ்சாயத்துத் தீர்ப்பு போன்றது. ஃப்யூச்சுராவையும் எடுக்கவில்லை, டைம்ஸையும் எடுக்கவில்லை. பாதமில்லாத சாதாரண எழுத்தை எடுத்துக்கொண்டு முனைகளை எல்லாம் உருட்டினார்கள். எந்தத் தரப்பும் ‘எங்கள் எழுத்து தோற்றது, அவர்கள் எழுத்து வென்றது’ என்று சொல்ல இடமில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் ‘இது வேறு’ என்று உடனே தெரிந்தது. 1979இல் பயனுக்கு வந்த இந்த எழுத்துதான் வி.ஏ.ஜி. ரவுண்டட்.

கம்பெனியின் எழுத்து ஊரின் எழுத்தானது

அடுத்து நடந்தது நம் கவனத்துக்குரியது. உலகெங்கும் உள்ள டீலர்கள் பலகை எழுத வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் தர வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரின் அச்சகத்திலும் இந்த எழுத்து இருந்தால்தான் அது நடக்கும். பூட்டி வைத்தால் பயன்படாத பொருள் எழுத்து. ஆகவே அது வெளியே வந்தது. 1989இல் அடோபி நிறுவனம் இதை மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை நான்கு பருமன்களில் கணினி எழுத்துருவாக வெளியிட்டது. விலை கொடுத்து வாங்கக்கூடிய எவரும் தங்கள் கடைக்கு இதைப் போட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று.

1990களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகனின் எண்ணம் மாறியது. ஒவ்வொரு காரும் தன் பெயரில் தனித்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்து வி.ஏ.ஜி. என்ற பொதுப் பெயரைக் கைவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் மீண்டும் ஃப்யூச்சுராவை ஒட்டிய எழுத்துக்குத் திரும்பியது. அவுடிக்கு வேறு எழுத்து வந்தது. டீலர்களின் பலகைகள் மறுபடியும் இறங்கின, புதியவை ஏறின. பதினைந்து ஆண்டுக்குள் இரண்டு முறை முகம் மாற்றம்.

ஆனால் எழுத்து சாகவில்லை. பெற்ற வீடு கைவிட்ட பிள்ளையை ஊரே எடுத்து வளர்த்தது. ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட அலுமினிய விசைப்பலகையில் பொத்தான்கள் மீது இருந்தது இதே எழுத்தின் மெலிந்த வடிவம். 2015இல் தன் சொந்த எழுத்துக்கு மாறத் தொடங்கும் வரை அந்நிறுவனம் பல ஆண்டுகள் இதையே பயன்படுத்தியது. கார் விற்பதற்காக வரைந்த எழுத்து என்பது அந்தப் பொத்தான்களைத் தட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இதிலிருந்து நாம் பெறும் முதல் பாடம் இது. எழுத்தின் வடிவம் மட்டும் எந்தக் கடைக்கும் அடையாளம் ஆகிவிடாது. இன்று நாம் ஆசைப்பட்டு எடுக்கும் எழுத்தை நாளை எதிர்க்கடைக்காரரும் எடுக்கலாம். ஒரே எழுத்தை, ஒரே நிறத்தில், ஒரே அமைப்பில், பலகையிலும் பில்லிலும் பையிலும் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தால்தான் அது நம் முகமாகும். ஃபோக்ஸ்வாகன் போன்ற பெரும் நிறுவனம் முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தாலும் தாங்கும். அதற்கு விளம்பரப் பணம் இருக்கிறது. நமக்கு அது கட்டாது.

பலகைக்கு இது ஏன் பொருந்துகிறது?

குண்டெழுத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. பலகைக்கு அது நல்ல எழுத்து என்பதற்குத் தொழில் காரணங்கள் உண்டு.

முதலாவது, கூரான மூலை இல்லை. வினைல் ஸ்டிக்கரில் வெட்டிய எழுத்து வெயிலிலும் மழையிலும் முதலில் பெயர்வது மூலையில்தான். அங்கே தூசி புகுந்து, பிறகு முழு எழுத்தும் சுருண்டு கீழே வரும். உருண்ட முனை அவ்வளவு எளிதில் பெயராது. ஷட்டரிலும் கண்ணாடிக் கதவிலும் டெலிவரி வண்டியிலும் ஒட்டுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அக்ரிலிக் எழுத்து வெட்டும் இயந்திரத்தில் சுழலும் வெட்டுக்கருவி உட்புற மூலையைக் கூராக வெட்ட முடியாது. சிறு வளைவை விட்டுச் செல்லும். எழுத்தே வளைவாக இருந்தால் அந்தக் குறை தெரியாது. மின்விளக்குப் பொருத்திய பெட்டி எழுத்துக்குப் பக்கத் தகடு வளைக்கும்போதும் கூரான மூலைகள் குறைந்தால் வேலை குறையும்.

மூன்றாவது, துணியில் அச்சடிப்பது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்த பின் துணிப்பையில் கடைப் பெயர் அடிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது மை பரவும். மெல்லிய கோடும் கூரான முனையும் கலங்கிப்போகும். தடித்த உருண்ட எழுத்து நான்கு துவைப்புக்குப் பிறகும் கடைப் பெயரைச் சொல்லும். கடைக்குள் வாங்கிய பை ஊரெல்லாம் சுற்றும்போது அதைவிட மலிவான விளம்பரம் ஏது?

நான்காவது, பார்ப்பவர் மனத்தில் ஏற்படும் எண்ணம். உருண்ட எழுத்து நெருக்கமாகவும் இனிமையாகவும் தோன்றும். தின்பண்டம், குழந்தைப் பொருள், பால், ஐஸ்கிரீம் விற்பவர்களுக்கு இது பொருந்தும். நகை அடகு, இரும்பு, மின்மோட்டார், கட்டுமானப் பொருள் மொத்த வியாபாரம் செய்பவர்கள் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். பலகையில் விளையாட்டுத்தனம் தெரிந்தால் நம்பிக்கை தேடி வருபவர் தயங்குவார். சரக்குக்கு ஏற்ற எழுத்து என்பதும் வியாபார சாமர்த்தியத்தில் சேர்ந்ததே.

சுழி அடைபட்டால் பெயர் மாறும்

ஆங்கிலத்துக்குப் பொருந்துவதெல்லாம் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் உள்வெளி கொண்டவை சிலவே. தமிழில் சுழிகள் அதிகம். மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் தடித்த கோட்டில் எழுதிப் பாருங்கள். கோடு தடிக்கத் தடிக்கச் சுழி அடைபடும். பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு ‘வாணி ஸ்டோர்ஸ்’ ‘வானி ஸ்டோர்ஸ்’ ஆகிவிடும். ‘ஞ’, ‘ஜ’, ‘ஷ’, ‘ஐ’ ஆகிய எழுத்துகளும் இப்படியே. ‘அண்ணாமலை’, ‘கண்ணன்’, ‘மணிகண்டன்’, ‘ராஜேஸ்வரி’ போன்ற பெயர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

அடுத்தது புள்ளி. ‘ஸ்டோர்ஸ்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளிகள். குண்டெழுத்தில் புள்ளியும் குண்டாக இருக்கும். அது எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகவும் படிக்கப்படும், வேறு எழுத்தாகவும் படிக்கப்படும். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறதா என்று தொலைவில் நின்று பார்க்க வேண்டும்.

இரவில் தொல்லை இன்னும் கூடும். எழுத்துக்குள் எல்.இ.டி. விளக்கு வைத்தால் வெளிச்சம் எழுத்தின் ஓரத்தைத் தாண்டிப் பரவும். பகலில் திறந்திருந்த சுழி இரவில் மூடிக்கொள்ளும். ஆகவே விளக்கெழுத்துக்கு மிகத் தடித்த பருமனை எடுக்காமல் ஒரு படி மெலிந்ததை எடுப்பதே புத்திசாலித்தனம். எழுத்துகளை நெருக்கி வைக்காமல் சற்று விட்டுவிட்டு வைக்க வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பலகைத் தொழிலில் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வார்கள். அறுபது அடி அகலச் சாலையின் மறுபக்கம் நிற்பவர் சிரமமின்றிப் படிக்க ஆறு அங்குலம். இது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்ன கணக்கு. தமிழில் ‘கி’யின் கொக்கி மேலே போகும், ‘கு’வின் வால் கீழே வரும். மொத்த உயரத்தை அளந்து ஏமாறாமல் ‘க’வின் உடல் உயரத்தை அளவாகக் கொள்ள வேண்டும். பலகைக்காரரிடம் ஆர்டர் தரும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே இன்னொரு செய்தி. வி.ஏ.ஜி. என்ற பெயர் பிறந்த அதே 1978இல், அக்டோபர் மாதம், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ போன்றவற்றின் பழைய கொம்பு வடிவங்கள் மாறி இன்றைய வடிவங்கள் வந்தன. ஒருபழம் கடையின் பலகையில் துதிக்கை போட்ட ‘லை’ இன்னும் இருக்குமானால், அந்தக் கடை எத்தனை ஆண்டு பழையது என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும். அத்தகைய பலகை வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் முன் ஒரு நல்ல புகைப்படமாவது எடுத்து வைக்க வேண்டும். அதன் பயனைப் பின்னால் சொல்கிறோம்.

தமிழுக்கென்றே வரைந்த குண்டெழுத்தும் இப்போது கிடைக்கிறது. மும்பையின் ‘ஏக் டைப்’ குழுவினர் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ‘பாலூ’ என்ற பெயரில் உருண்ட தலைப்பெழுத்தை வரைந்தார்கள். தமிழ் வடிவத்துக்குப் ‘பாலூ தம்பி’ என்று பெயர். இதன் இரண்டாம் பதிப்பு ஐந்து பருமன்களில் உள்ளது. ஆங்கில எழுத்தும் அதே குடும்பத்தில் இருப்பதால் இரு மொழிப் பலகை ஒரே கை எழுதியது போல் இருக்கும்.

பலகையில் பேசுவது யார்?

இனி நம் சங்க உறுப்பினர்கள் அனைவரும் யோசிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். இன்று கடைவீதியில் பல பலகைகளைக் கடைக்காரர் வைப்பதில்லை, கம்பெனி வைக்கிறது. குளிர்பானக் கம்பெனி, செல்போன் கம்பெனி, பெயின்ட் கம்பெனி, மசாலாக் கம்பெனி என்று ஆளாளுக்கு வந்து, ‘போர்டு இலவசம் அண்ணாச்சி’ என்கிறார்கள். பலகையில் முக்கால் பங்கு கம்பெனியின் சின்னமும் கம்பெனியின் எழுத்தும். கீழே ஓர் ஓரத்தில், கிடைத்த ஏதோ ஓர் எழுத்துருவில், நம் கடைப் பெயர்.

இது இலவசமா? நம் வாடகையில் நிற்கும் கட்டடம். நம் மின்சாரத்தில் எரியும் விளக்கு. நாம் இருபது ஆண்டு காத்த பெயர். அதற்கு மேல் கம்பெனி ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாளை ஏஜென்சி வேறொருவருக்குப் போனால், அல்லது கம்பெனி தன் சின்னத்தை மாற்றினால், வாடிக்கையாளர் மனத்தில் நம் கடையின் முகம் என்ன? ‘அந்தச் சிவப்பு போர்டு கடை’ என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, நான்கு கடை தள்ளி இன்னொரு சிவப்பு போர்டு வந்தால் இரண்டும் ஒன்றுதான்.

வி.ஏ.ஜி. டீலர்கள் கார் விற்பவர்கள். அவர்கள் விற்ற சரக்கு முழுவதும் ஒரே குழுமத்தினுடையது. அதனால் அந்த எழுத்தை ஏற்றதில் நியாயம் உண்டு. நம் மளிகைக் கடையில் நூற்றுக்கணக்கான கம்பெனிச் சரக்கு இருக்கிறது. அதில் ஒருவருடைய எழுத்தை மட்டும் நெற்றியில் எழுதிக்கொள்ள என்ன நியாயம்?

சட்டமும் இதில் நம் பக்கம் பேசுகிறது. 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15ஆம் விதி பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும் என்கிறது. பிற மொழி சேர்த்தால் அது தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழுக்கே முதன்மை தர வேண்டும். கம்பெனி தந்த பலகையில் ஆங்கிலம் மேலே பெரிதாகவும் தமிழ் கீழே சிறிதாகவும் இருந்தால், ஆய்வுக்கு வரும் அலுவலர் கேள்வி கேட்பது நம்மைத்தான். கம்பெனிப் பிரதிநிதி அன்று பக்கத்தில் இருக்க மாட்டார்.

கம்பெனிப் பலகையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிறு கடைக்காரருக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சம் ஆவதை மறுப்பதற்கில்லை. ஆனால் பேரம் பேச வேண்டும். சரக்கு விலையில் ஐந்து பைசாவுக்குப் பேரம் பேசும் நாம் பலகையில் பேசாமல் விட்டுவிடுகிறோம். கடைப் பெயர் மேலே, தமிழில், பலகையில் பாதிக்குக் குறையாமல், நம் பில்லில் இருக்கும் அதே எழுத்தில் வர வேண்டும் என்று கேட்கலாம். மின்செலவில் பங்கு கேட்கலாம். ஏஜென்சி முடிந்தால் யார் செலவில் இறக்குவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கலாம். ஒரு கடை கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். ஒரு வீதியே கேட்டால் கொடுப்பார்கள். சங்கம் இருப்பது இதற்குத்தானே?

எழுத்துக்கும் பெயருக்கும் பத்திரம்

எழுத்துரு என்பது கம்ப்யூட்டரில் இருப்பதால் அது இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். வி.ஏ.ஜி. ரவுண்டட் போன்றவை விலைக்கு விற்கப்படுபவை. அவற்றுக்கு உரிமம் வேண்டும். பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் வந்தவை. வியாபாரத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், அந்த எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. பலகை அடிப்பவரிடம் ‘இது எந்த எழுத்துரு, உரிமம் உண்டா?’ என்று கேட்டு, எழுத்துருவின் பெயரைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். இன்னொரு பயனும் உண்டு. ஐந்து ஆண்டு கழித்துக் கிளை திறக்கும்போது அதே எழுத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எழுத்துருவைக் காப்பதை விடக் கடைப் பெயரைக் காப்பது முக்கியம். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. கடைப் பெயரைச் சொல்லாகவும் பதியலாம், குறிப்பிட்ட எழுத்திலும் அமைப்பிலும் வரைந்த சின்னமாகவும் பதியலாம். சில்லறை, மொத்த வியாபாரச் சேவை 35ஆம் வகுப்பில் வரும். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய் கட்டணம். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு கிடைக்கும் முன்பே வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்டுக்கொள்வது சட்டப்படி கூடாது என்பதையும் நினைவூட்டுகிறோம்.

பதிவு செய்யாத பழைய கடைக்கும் உரிமை அடியோடு இல்லாமல் போகாது. முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டும். இங்கேதான் பழைய பலகையின் புகைப்படம் பயன்படும். தேதி போட்ட பழைய பில், பலகை எழுதிய பெயின்டரின் ரசீது, கல்யாணப் பத்திரிகையில் ‘நல்வரவு’ என்று அச்சான கடைப் பெயர், கோயில் திருவிழா மலரில் தந்த விளம்பரம் எல்லாமே சாட்சிகள். வீட்டுப் பத்திரத்தோடு இவற்றையும் ஒரு கோப்பில் வைப்பது நல்லது.

செய்ய வேண்டியவை

பலகை மாற்ற நினைக்கும் உறுப்பினர்கள் ஆர்டர் தரும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

ஒன்று, கடைப் பெயரை மூன்று எழுத்துகளில் காகிதத்தில் அச்சடித்து எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். பகலில் ஒரு முறை, விளக்கு வைத்த பின் ஒரு முறை.

இரண்டு, கடைக்குப் புதிதாக வரும் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். பெயரை முன்பே அறிந்தவர் எதையும் சரியாகத்தான் படிப்பார்.

மூன்று, சுழியும் புள்ளியும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துப் பருமனைத் தேர்ந்தெடுங்கள்.

நான்கு, தேர்ந்தெடுத்த எழுத்துருவின் பெயர், நிறத்தின் எண், எழுத்தின் உயரம் மூன்றையும் கணக்குப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். வடிவமைப்புக் கோப்பைப் பலகைக்காரரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்தது நாம், கோப்பும் நம்மிடம் இருக்க வேண்டும்.

ஐந்து, பில், பை, விசிட்டிங் கார்டு, வண்டி எல்லாவற்றுக்கும் அதே எழுத்து. மகன் புது டிசைன் கேட்டாலும், மருமகள் புது நிறம் கேட்டாலும், மாற்றும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

எழுத்து குண்டாக இருக்கலாம், ஒல்லியாக இருக்கலாம். அது கம்பெனி கொடுத்ததாக இராமல் நாம் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். பெயர் எடுப்பதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. அந்தப் பெயரை எழுதுவதற்கு ஒரு வாரம் யோசிப்பது வீண் செலவு ஆகாது. வரும் மாதக் கூட்டத்தில் கம்பெனிப் பலகைகளுக்குப் பொது நிபந்தனை வகுப்பது குறித்து உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.